மறு: "சுழற்சி எண்ணி" – போலியைப் பின்னால் போடலாமா?

அன்பர்களே,

நுண்செயலிக்குள் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும் எண்ணிக்கு (time stamp counter) இங்கே முன்மொழிந்த "சுழற்சி எண்ணி" என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. 1993இல் இன்டெலின் பெண்டியம் சில்லோடு வந்தபோது அந்த 64 பிட் எண்ணி நுண்செயலியின் கடிகாரத் துடிப்பை ஒவ்வொன்றாக எண்ணியது உண்மைதான். இன்றைய சில்லுகளில் வேகம் ஏறினாலும் இறங்கினாலும் அது ஒரே சீராக ஓடுகிறது. சுழற்சிக் கணக்கே இல்லை. "துடிப்பெண்ணி" தேவலாம், ஏதோ ஒரு துடிப்பைத்தானே எண்ணுகிறது. (நுண்செயலியைச் "செயலி" என்று சுருக்காதீர்கள். மலேசியாவில் செயலி கைப்பேசியில் இருப்பது.)

தகராறு அடுத்த சொல்லில். மெய்நிகர்ப் பொறிக்கு (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) காட்டும் எண்ணியை "போலித் துடிப்பெண்ணி" என்று பட்டர்வொர்த்தில் நான் எடுக்கும் வகுப்பில் பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பையன், "அப்ப ஒரிஜினல் எங்க சார்?" என்றான். போலி மைகாட் (மலேசிய அடையாள அட்டை), போலி கைப்பை என்றே செய்தி படிக்கிறவன் வேறெப்படிக் கேட்பான்?

ஆனால் இலக்கணத்தில் போலி மோசடி இல்லை. அறம், அறன் ஆனது. எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை. நமக்கு வேண்டியதும் அதுதான். தாய்ப்பொறியின் (உண்மைக் கணினியின்) எண்ணி பத்து நாளாக ஓடியிருக்கும். இப்போதுதான் பிறந்த விருந்துப்பொறி (அதற்குள் ஓடும் மெய்நிகர்ப் பொறி) சுழியத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆகவே படிக்கும்போதெல்லாம் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கிறார்கள். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: 1981 டிசம்பர் 31, இரவு 11.30க்கு மலேசியத் தீபகற்பம் முழுக்க முள்ளைத் தள்ளி 12 ஆக்கினோம். சூரியனை யாரும் தொடவில்லை, அரை மணி கூட்டியதோடு சரி. விருந்துப்பொறியை வேகம் வேறான கணினிக்குப் பெயர்த்தால் பெருக்கவும் வேண்டும். இதையெல்லாம் மென்பொருள் இடைமறித்துச் செய்தால், எண்ணியைப் படிப்பதைவிட இடைமறிப்புக்கே பல மடங்கு நேரம் போகும். அதனால் கூட்டல் கழித்தலையும் பெருக்கலையும் நுண்செயலியே செய்ய வழி வைத்திருக்கிறார்கள்.

இத்தனை செய்தும் ஒன்று மிஞ்சும். அதே வகுப்பில் மெய்நிகர்ப் பொறியை நிறுத்திவிட்டுத் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடிக்கப் போனோம். திரும்பி வந்து எழுப்பினால் அதன் கடிகாரம் நாங்கள் போன நிமிடத்திலேயே நிற்கிறது. எண்ணி விட்ட இடத்திலிருந்து ஒழுங்காகத்தான் தொடர்ந்தது, சுவர்க் கடிகாரம்தான் காத்திருக்கவில்லை.

முதற்போலி, கடைப்போலி என்கிறோமே, போலி எங்கே வருகிறது பாருங்கள். முன்னால் வந்தால் கள்ளம்; பின்னால் வந்தால் பதிலாள். ஆகவே என் முன்மொழிவு: துடிப்பெண்ணிப்போலி. வாய்க்குள் அடங்காவிட்டால் எண்ணிப்போலி. கோலாலம்பூர் நண்பர் போலிக்குப் பதிலாகச் சொன்ன "போன்மி" அழகுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை இதைப் பலகையில் எழுதுகிறேன். பின்வரிசை என்ன கேட்கிறது பார்ப்போம்.