‘லாஸ்ட்’ தொடரில் சன் ஆங்கிலம் தெரியாததுபோல் இருந்தது துரோகமா?

சிப்புட் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். 2004-இல் தொடங்கி 2010 வரை ஓடிய ‘லாஸ்ட்’டை நாங்கள் இப்போதுதான் வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிறோம். முதல் சீசனில், தீவிலிருந்து தப்பிக்கக் கட்டிய தெப்பம் எரியும் இடம் வரை வந்தாயிற்று. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானம் ஒரு தீவில் விழுகிறது, பிழைத்தவர்களில் ஜின், சன் என்று ஒரு கொரியக் கணவன் மனைவி. இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் சன் கணவனுக்கே தெரியாமல் ஆங்கிலம் கற்றவள்.

இதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய வாக்குவாதம். ஜின்னை விமானத்தின் உடைந்த பாகத்தோடு விலங்கு போட்டுக் கட்டி வைக்கிறார்கள், அவன் ஏன் சக பயணி மைக்கேல் மேல் பாய்ந்தான் என்று அவளுக்குத் தெரியும் (மைக்கேல் கட்டியிருந்த கைக்கடிகாரம் அவள் அப்பாவுடையது), அப்போதும் எல்லார் முன்னாலும் வாய் திறக்காமல் பிறகு மைக்கேலிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்கிறாளே, இவளெல்லாம் மனைவியா என்று கேட்கிறார். நான் சன் பக்கம். அத்தை அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், பாசார் மலாய்க்கு (கடைத்தெருப் பேச்சு மலாய்) மேல் தெரியாது, திரைக்குக் கீழே ஓடும் எழுத்தும் அவருக்குப் பிரயோசனமில்லை. ஆனால் ஜின் முகத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டார். “அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுகிறார்கள் பார், கிளினிக்கில் எனக்கும் இப்படித்தான் நடக்கும்” என்றார். அதற்கப்புறம் எனக்குக் கொஞ்சம் குழப்பம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தாப்பா அக்கா:

தங்கச்சி, நான் முழுக்க சன் பக்கம். அவள் அப்பா பெரிய தொழிலதிபர், கணவன் அவரிடம் கைகட்டி வேலை செய்கிறான், ஒரு ராத்திரி கையில் யாருடைய ரத்தமோ ஒட்டியிருக்க வீட்டுக்கு வந்து கழுவுகிறான், கேட்டால் பதிலில்லை. அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தானே ஆங்கிலம் கற்றாள்? சிட்னி விமான நிலையத்திலேயே நழுவிப் போகத் திட்டம் போட்டிருந்தாள். அவன் வரிசையில் நின்றபடி ஒரு வெள்ளைப் பூவைக் காட்டிச் சிரித்ததால் மனசு மாறிப் போகாமல் நின்றுவிட்டாள். தீவுக்கு வந்த பிறகும் சட்டையின் மேல் பொத்தானைப் போடு, மற்றவர்களோடு ஒட்டாதே என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தான்? அப்படிப்பட்டவனிடம் ‘எனக்கு ஆங்கிலம் தெரியும்’ என்றால் ‘ஏன் கற்றாய்’ என்பதுதான் அடுத்த கேள்வி, அதற்கு அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? தோட்டத்தில் எத்தனை பெண்கள் கணவனுக்குத் தெரியாமல் கூட்டு (சீட்டு) கட்டிப் பணம் சேர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், அவர்களை எல்லாம் துரோகி என்பீர்களா?

பழைய லயத்துக்காரன்:

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஜின் ஊமை இல்லை, அவனுக்கு இருந்த ஒரே வாய் சன்தான். வெள்ளைக்காரத் துரை காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரைக்கும் நமக்கும் நடுவில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) நிற்பார், அவர் சொன்னதுதான் துரை சொன்னது, அவர் சொல்லாமல் விட்டது நமக்குக் கடைசிவரை தெரியாது. நடுவில் நிற்பவருக்கு அவ்வளவு பலம். சன் அந்த இடத்தில் நின்றாள், அதுவும் நிற்கிறாள் என்றே அவனுக்குத் தெரியாமல்.

ஆனாலும் என் கருத்து இந்த ஆங்கில விவகாரம் மேலோட்டமானது என்பதுதான். இருவருக்கும் கொரிய மொழி நன்றாகத் தெரியும், கோளாறு முழுக்க அங்கேதான் நடக்கிறது. அவன் மீனவர் மகன். பெண் கேட்கப் போனபோது அந்த அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டான், அவ்வளவு வெட்கம். அந்த ரத்தம் பற்றியும் வாய் திறக்கவில்லை. மாமனார் ஆள் ஒரு அதிகாரியைக் கொல்லத் தயாராக வந்திருந்தான், கொலை நடக்காமல் இருக்கத்தான் ஜின் முந்திக்கொண்டு அவரை அடித்து வாயை அடைத்தான். இதை ஒரு வாக்கியத்தில் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அதைவிடக் கொடுமை, அவனும் ஓடிப்போகத்தான் இருந்தான், அவளையும் கூட்டிக்கொண்டு. மாமனார் கொடுத்தனுப்பிய கடிகாரங்களை உரியவர்களிடம் சேர்த்துவிட்டு அமெரிக்காவில் புதிதாக வாழலாம் என்று அப்பாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு ஆசி வாங்கியிருந்தான். ஆக ஒரே விமானத்துக்காக நின்ற இரண்டு பேரும் ஒரே மாமனாரிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள், ஒருவர் மற்றவரிடம் சொல்லவில்லை.

(மூன்றாம் சீசன் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சிப்புட் மருமகள், நீங்களும்தான்.) கல்யாணமான புதிதில் ஒரு பெண் வந்து, ஜின்னின் அப்பா மீனவர், உயிரோடு இருக்கிறார், அம்மாவின் கதையும் கேவலம், ஊருக்கே தெரியப்படுத்துவேன் என்று மிரட்டி 1,00,000 டாலர் கேட்கிறாள். கணவன் தலைகுனியக் கூடாது என்று சன் அவனிடம் சொல்லாமல் தன் அப்பாவிடம் போய்ப் பணம் வாங்குகிறாள். அப்பா சும்மா கொடுப்பாரா? அந்தக் கடனுக்குத்தான் ஜின் நேரடியாக அவரிடம் வேலை பார்க்க வேண்டி வந்தது, அடிதடி வேலைக்கு வந்தது. அதாவது அவளைப் பயமுறுத்திய அந்த ரத்தத்துக்கு வேர் அவள் அன்பினால் மறைத்த விஷயம்தான். பாவம், இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

எங்கள் வீட்டிலும் இப்படி. தோட்டத்தைச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாற்றப் போகிறார்கள், லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்ய வேண்டும் என்று அப்பாவுக்கு முன்பே தெரியும். அம்மா கவலைப்படுவார் என்று சொல்லவில்லை. அம்மா அதே சமயத்தில் பின்கட்டில் கோழிக்கூண்டைப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது.

செம்பனைத் தம்பி:

நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலை. எனக்கு மனசில் நிற்பது தெப்பம் எரிந்த காட்சிதான். தீ வைத்தது மைக்கேலின் மகன் வால்ட், ஜின் அணைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொள்கிறான், அந்தப் புண்ணையே சாட்சியாக வைத்து அவன்தான் கொளுத்தினான் என்கிறார்கள். மைக்கேல் அடிக்கிறான், கூட்டம் வேடிக்கை பார்க்கிறது, இவனால் மறுத்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அப்போதுதான் சன் ஆங்கிலத்தில் கத்துகிறாள். அவனைக் காப்பாற்றும் அதே நொடியில் அவனுக்கு உண்மை தெரிந்துபோகிறது. எங்கள் பிளாக்கில் செம்பனைக் குலை காணாமல் போனபோது புதிதாக வந்த வங்காளதேசத் தம்பி ஒருவனைப் பிடித்து நிறுத்தினார்கள். அவனுக்கு மலாய் வராது. அவன் முழித்ததையே குற்றம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் பாஷை தெரிந்த அவன் ஊர்க்காரன் பேச வரும்வரை யாரும் கேட்கவே இல்லை. சிப்புட் அக்கா, உங்கள் அத்தை சொன்னது ரொம்பச் சரி. சன்னைக் குறை சொல்வதற்கு முன்னால் அங்கே நின்ற மற்றவர்களைக் கேளுங்கள், ஒருத்தராவது அவனிடம் சைகையிலாவது கேட்டார்களா?

ஈப்போ ரசிகை:

நடிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஜின்னாக வரும் டேனியல் டே கிம் பூசானில் பிறந்தவர் என்றாலும் சின்ன வயதிலேயே அமெரிக்கா போய்விட்டவர், அவர் கொரிய உச்சரிப்பு சரியில்லை என்று கொரியாவில் விமர்சனம் வந்தது. சன்னாக வரும் யுன்ஜின் கிம்முக்கு இரண்டு மொழியும் சரளம். அவர் முதலில் கேட் என்ற இன்னொரு முக்கியப் பெண் வேடத்துக்குத்தான் நடிப்புப் பரீட்சைக்குப் போனார், அவருக்காகவே சன் பாத்திரத்தை எழுதினார்கள். அதனால்தான் அந்த மௌனம் அவ்வளவு இயல்பாக வருகிறது என்று நினைக்கிறேன்.

கடைசி சீசன் பற்றி ஒன்று, முடிவைச் சொல்ல மாட்டேன். சன் மரத்தில் தலையை இடித்துக்கொண்டு ஆங்கிலம் பேச வராமல் போகிறாள், கேட்டால் புரியும், எழுத வரும், பேச்சு மட்டும் இல்லை. அதற்குள் ஜின் நன்றாக ஆங்கிலம் பேசுகிறான். பிறகு அவளுக்கும் பேச்சு திரும்பிவிடுகிறது. இவ்வளவு யோசித்து எழுதியவர்கள் இருவருக்கும் மிக முக்கியமான ஒரு காட்சியில் அவர்களை ஆங்கிலத்தில் பேச வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லாத இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் தாய்மொழியில்தானே பேசுவார்கள்!

சிப்புட் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாம் சீசன் பத்தியைப் படிக்கவில்லை, சத்தியமாக. லயத்துக்கார அண்ணன் எழுதிய மீதியை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ஜின் சொல்லாமல் விட்டதும் தப்புதான் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் விலங்கு விஷயத்தில் இறங்கி வரவில்லை. தாப்பா அக்கா, நான் இன்னும் உங்கள் பக்கம்தான், ஆனால் மைக்கேலிடம் சொன்ன அன்றே ஜின்னிடமும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அத்தைக்கு ஒரே கவலை, அந்த மீனவர் அப்பாவை மருமகள் எப்போதாவது போய்ப் பார்ப்பாளா இல்லையா என்று. தெரிந்தவர்கள் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பழைய லயத்துக்காரன்:

பார்ப்பாள் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.