மறு: வீல் சீலண்டுக்குத் தமிழ் – ‘மெழுக்கு’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

கார் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும்போது ‘அலாய் வீலுக்கு வாக்ஸ் அல்லது சீலண்ட் இடவும்’ என்ற வரியில் நின்றுவிட்டேன் என்று தம்பி எழுதியிருந்தார். நிற்க வேண்டிய இடம்தான். சீலண்ட் என்பது சக்கரத்தின் பூச்சைக் காக்க நாமே அதன் மேல் துணியால் இடும் மெல்லிய படலம்; அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி. மூன்று நாளாக இதற்குப் பலர் எழுதிய மடல்களைப் படித்துக்கொண்டே இருந்தேன். நேற்று ஞாயிறு, எங்கள் வண்டியின் நான்கு சக்கரத்தையும் கழுவிக் காயவைத்து சீலண்ட் போட்டேன். கையில் வேலை நடக்கும்போது சொல்லும் கிடைத்தது.

> ‘அடைப்பான்’ என்றே வைத்துவிடலாமே ஐயா? கட்டட வேலையில் ஏற்கெனவே புழங்குகிறதே.

அங்கே அது சரியான சொல். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சிலிகானைப் பிதுக்குகிறார்கள், இடுக்கு அடைபடுகிறது. சக்கரத்தின் முகப்பில் அடைக்க என்ன இருக்கிறது? கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய படலத்தை விரிக்கிறோம், அவ்வளவுதான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டயருக்குள் ஊற்றுகிற பஞ்சர் சீலண்ட் உண்மையிலேயே ஓட்டையை அடைக்கிறது. ஒரே சக்கரம், உள்ளே ஒரு சீலண்ட், வெளியே ஒரு சீலண்ட். இரண்டையும் ‘சக்கர அடைப்பான்’ என்று எழுதினால் படிப்பவர் எதை எங்கே ஊற்றுவார்? ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ‘அடைப்பான்’ டயருக்குள் இருப்பதற்கே இருக்கட்டும்.

‘முத்திரையி’ என்று ஒருவர் சொன்னதை இதோடு விட்டுவிடலாம். இங்கே யாரும் எதற்கும் முத்திரை குத்தவில்லை.

> ‘காப்புப் பூச்சு’ எல்லாருக்கும் புரியுமே. புதுச்சொல் எதற்கு?

கோவை அம்மாவின் இந்தக் கேள்விதான் கடினமானது. புரியும் என்பது உண்மை. ஆனால் எதைப் புரிந்துகொள்வார்கள் என்று பாருங்கள். இந்தச் சக்கரம் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. சுமார் 7 விழுக்காடு சிலிக்கனும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்ந்த கலவை. அதன் மேல் ஆலையிலேயே அடிப்பூச்சு, நிறப்பூச்சு, கடைசியாக நிறமில்லாத தெளிபூச்சு என்று அடித்து அனுப்புகிறார்கள். இவை மூன்றும் பூச்சு. மூன்றுமே காப்பவைதாம். சக்கரத்தோடு பிறந்தவை, அதோடு இருக்க வேண்டியவை. நாம் வீட்டில் போடும் சீலண்ட் இந்த மூன்றுக்கும் மேலே உட்கார்ந்து, தான் தேய்ந்து கீழே இருப்பதைக் காப்பாற்றுகிறது. சில மாதங்களில் போய்விடும், மறுபடி போட வேண்டும். இரண்டையும் பூச்சு என்றால் ‘பூச்சு போய்விட்டது’ என்று வாடிக்கையாளர் எழுதும்போது எதைச் சொல்கிறார் என்றே தெரியாது. ஒன்றுக்குக் கையும் துணியும் போதும். மற்றொன்றுக்குச் சக்கரத்தைக் கழற்றிப் பெயின்டருக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வேறுபாட்டை அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது தட்டிலிருந்தும் (டிஸ்க்) அதை அழுத்தும் பட்டையிலிருந்தும் (பேட்) சூடான துகள்கள் தெறித்துச் சக்கரத்தில் ஒட்டும். அதில் கணிசம் இரும்பு, கிட்டத்தட்ட அரப்பொடி. ஈரம் பட்டதும் துருப்பிடித்துத் தெளிபூச்சைக் கடிக்கும். முன்பிரேக்குக்கு வேலை அதிகம் என்பதால் முன்சக்கரம்தான் முதலில் கறுக்கும். சில ஆண்டுகளுக்கு முன், இந்தக் கறுப்பு போகவில்லை என்று ஒரு வாட்டர் வாஷில் ஏதோ ஆசிட் கலந்ததை அடித்துத் தேய்த்தார்கள். கறை போனது, தெளிபூச்சும் திட்டுத் திட்டாக வெளுத்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் திட்டுகளின் ஓரத்திலிருந்து புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் பூச்சுக்கு அடியில் ஓட ஆரம்பித்தன. கடற்கரை ஊர், உப்புக்காற்று, கேட்க வேண்டுமா. ‘சார், மேலே கோட்டிங்தான் போயிருக்கு, திரும்பப் போட்டுக்கலாம்’ என்றார் அங்கிருந்தவர். எந்தக் கோட்டிங் என்று எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. சொல் பிரிந்திருந்தால் கேள்வியாவது சரியாகக் கேட்டிருப்பேன்.

சரி, என் பரிந்துரை: மெழுக்கு.

எங்கள் அப்பத்தா வெள்ளிக்கிழமை விடிவதற்குள் திண்ணையை மெழுகி முடித்திருப்பாள். சாணத்தைக் கரைத்து, உள்ளங்கையை விரித்து, அரைவட்டம் அரைவட்டமாக இழுத்துக்கொண்டே பின்னால் நகர்வாள். ஒரு வட்டத்தின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும், நடுவில் ஒரு விரல்கடை கூட விடுபடாது. காயும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. அப்புறம் ஒரு வாரம் எல்லாரும் நடந்து நடந்து அது தேயும், கீழே மண்தரை தேயாது. அடுத்த வெள்ளி மறுபடி. நேற்று பஞ்சுத்துணியில் சீலண்டைத் தொட்டுச் சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலிலும் வட்ட வட்டமாக இழுத்தபோது என் கை அவள் கையைப் போலவே போனது. மெல்லியதாக விரிப்பது, காயவிடுவது, தேயவிடுவது, மறுபடி இடுவது. சீலண்டின் இலக்கணம் முழுவதும் ‘மெழுகுதல்’ என்ற வினையில் அப்படியே இருக்கிறது.

சொல்லாக்கத்திலும் இடறல் இல்லை. முழுகு – முழுக்கு, ஒழுகு – ஒழுக்கு, மெழுகு – மெழுக்கு. நான் புதிதாகச் செய்ததும் இல்லை. ‘அலகிட்டு மெழுக்கும் இட்டு’ என்று திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் அப்பர் பாடியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலையில் ‘மலரணி மெழுக்கம்’. மெழுகிப் பூவிட்ட இடம் அது. ‘மெழுக்கும் இட்டு’ என்று அப்பரே இடுதல் வினையைச் சேர்த்துக் கொடுத்திருப்பதால் ‘மெழுக்கிடு’, ‘மெழுக்கிட்ட சக்கரம்’ என்று எல்லாம் தடையில்லாமல் வரும்.

> மெழுகு என்றாலே வாக்ஸ்தானே நினைவுக்கு வரும்? சீலண்டில் மெழுகே கிடையாதே.

நினைவுக்கு வரட்டும், அதில் நமக்கு நன்மையே. மெழுகு பொருளின் பெயர், மெழுக்கு அதை இட்ட பின் கிடைக்கும் படலத்தின் பெயர். சாண மெழுக்கில் மட்டும் மெழுகா இருந்தது? வாக்ஸ் என்று டப்பாவில் வருவதில் பெரும்பாலும் கர்னாபா சேர்ந்திருக்கும். பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அதுவே 82 முதல் 86 டிகிரி செல்சியசில் உருகிவிடும், தேன்மெழுகு இன்னும் முன்னதாகவே. மலை இறக்கத்தில் பிரேக் தட்டின் சூடு சில நூறு டிகிரிக்குப் போகும். அத்தனையும் சக்கரத்துக்கு வராது, ஆனாலும் கதவுக்கும் கூரைக்கும் இல்லாத சூடு சக்கரத்துக்கு உண்டு. அதனால்தான் வாக்ஸ் சக்கரத்தில் சீக்கிரம் போய், பாலிமரால் ஆன சீலண்ட் கூடுதல் நாள் நிற்கிறது. ஆகவே ‘மெழுகு மெழுக்கு’, ‘பாலிமர் மெழுக்கு’ என்று இரண்டு வகை. ‘பலபடி’ பாடநூலில் இருக்கட்டும், டப்பாவில் பாலிமர்தான் எடுபடும்.

செராமிக் கோட்டிங் எதில் சேரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நன்றாக இட்டால் ஆண்டுக் கணக்கில் நிற்கும், கழற்ற வேண்டுமென்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அது பூச்சு. ‘செராமிக் பூச்சு’ என்றே எழுதலாம்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்று உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் தேயத் தேயத் திரும்பச் செய்வதுதான். அதைப் பூசுதல் என்றுதானே சொன்னோம்? உண்மை. ஆனால் அதற்கு உலையும் துருத்தியும் வேண்டும், ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வர வேண்டும். மெழுகுவது வீட்டுக்காரர் தன் கையால் செய்வது. கையேடு பேசுவது அவரோடுதான்.

‘கியூரிங்’, அதாவது இட்டது இறுகும்வரை விட்டுவைப்பது, பற்றியும் ஒரு வார்த்தை. தம்பியின் வரைவில் ‘12 மணி நேரம் நீராற்றவும்’ என்று இருக்கிறது. கான்கிரீட்டுக்கு நீராற்றுதல் என்றால் தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருப்பது. இங்கே நேர்மாறு, தண்ணீரே படக் கூடாது. கட்டட அகராதியிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டியதால் வந்த பிழை இது. அச்சுக்குப் போகும் முன் கட்டாயம் மாற்றுங்கள். ‘இறுகவிடவும்’ போதும்.

‘அலாய் வீல்’ பற்றி நீண்ட சண்டை வேண்டாம் என்று நினைக்கிறேன். எஃகும் கலப்புலோகம்தான், எனவே ‘கலப்புலோகச் சக்கரம்’ எதையும் பிரித்துக் காட்டவில்லை. ‘அலுமினியச் சக்கரம்’ போதும், முதல் முறை மட்டும் அலாய் வீல் என்று பக்கத்தில் போட்டுவிடலாம்.

வரைவை இப்படித் திருத்திப் பார்த்தேன்:

“சக்கரம் முழுதும் ஆறிய பிறகு கழுவவும். பிரேக் தூசு நீக்கும் திரவத்தைத் தெளித்தால் இரும்புத்துகள் உள்ள இடம் ஊதாவாக மாறி வழியும்; அது காய்வதற்குள் அலசிவிடவும். ஈரம் போகத் துடைத்து, மெல்லிய துணியால் மெழுக்கிடவும். மங்கலாகப் படிந்ததும் வேறு துணியால் துடைத்தெடுத்து, 12 மணி நேரம் தண்ணீர் படாமல் இறுகவிடவும். தண்ணீர் முத்து முத்தாக நின்று உருளாமல் பரவி ஒட்டத் தொடங்கினால் மீண்டும் மெழுக்கிடும் காலம் வந்துவிட்டது.”

‘மங்கலாகப் படிதல்’ எனக்கு இன்னும் நிறைவாக இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரியான மங்கல். மதுரைப் பக்கம் அல்லது யாழ்ப்பாணத்தில் இதற்குத் தனிச்சொல் புழங்கினால் எழுதுங்கள். தம்பி கையேட்டை வியாழக்கிழமை அனுப்ப வேண்டுமாம்.