மறு: ரோமரின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசில் பெயர் பொறித்த அதிகாரிக்குத் தமிழில் எந்தச் சொல்?

> 'அக்கசாலையர்' என்றே வைத்துக்கொள்ளலாமே, பழந்தமிழ்ச் சொல்தானே.

அன்புள்ள நண்பருக்கு,

சொல் அழகானது. ஆனால் அது உலோகத்தை உருக்கி அடிக்கும் கம்மியரைக் குறிப்பது. ரோமக் குடியரசின் வெள்ளிக் காசுகளில் பெயர் பொறித்தவர்கள் சுத்தியலைத் தொட்டவர்கள் அல்லர்; அரசியலில் முதற்படி ஏறிய இளைஞர்கள். பொ.ஆ.மு. 46இல் டைட்டஸ் கரிசியஸ் வெளியிட்ட தினாரியஸைப் பாருங்கள். முன்பக்கம் ஜூனோ மொனேட்டா என்ற பெண்தெய்வத்தின் தலை. பின்பக்கம் சுத்தியல், குறடு, பட்டறைக்கல். கருவிகள் தொழிலாளருடையவை, மேலே உள்ள பெயரோ கரிசியஸுடையது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க என் மனம் ஒப்பவில்லை.

காசின் உருவங்கள் விளங்குவதே இந்த அதிகாரிகளின் குடும்பக் கதைகளால்தான். பொம்போனியஸ் மூசா தன் பெயருக்கு ஏற்ப கலைகளுக்குரிய ஒன்பது மியூசு தேவதைகளைப் பொறித்தார். மமிலியஸ் குடும்பம் கிரேக்கக் காவிய வீரன் யுலிசீஸின் வழிவந்தது என்று சொல்லிக்கொண்டது. ஆகவே அவர்கள் காசில் ஊர் திரும்பும் யுலிசீஸும், அவனை அடையாளம் கண்டுகொள்ளும் நாய் ஆர்கஸும். பின்னாளில் சீசரைக் கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸ், பொ.ஆ.மு. 54இல் இப்பதவியில் இருந்தபோது ஒரு பக்கம் விடுதலைத் தெய்வத்தையும், மறுபக்கம் மன்னராட்சியை ஒழித்த தன் முன்னோர் லூசியஸ் புரூட்டஸையும் வைத்தார். சீசர் கொலைக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அந்தக் காசு சொல்லிவிடுகிறது! சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி அலைவதில் வியப்பில்லை.

'நாணய மூவர்' என்ற மற்றொரு பரிந்துரை, மூவர் சேர்ந்து வகித்த இப்பதவியின் லத்தீன் பெயரை ஒட்டியது. ஆனால் சீசர் அவர்களை நால்வராக்கினார், பொ.ஆ.மு. 44ஆம் ஆண்டுக் காசுகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

என் பரிந்துரை 'காசு நாயகம்'. சோழர் கல்வெட்டுகளில் 'வரிப்பொத்தக நாயகம்' என்ற பதவி உண்டு. இலங்கையில் 'பணிப்பாளர் நாயகம்' இன்றும் அன்றாட அலுவலகச் சொல். ஒரு துறையின் பொறுப்பையும் பதவியின் மதிப்பையும் 'நாயகம்' சேர்த்தே தருகிறது. "புரூட்டஸ் காசு நாயகமாக இருந்தபோது வெளியிட்ட தினாரியஸ்" என்று எழுதினால் வாசகர் தடுமாறமாட்டார்.

'அக்கசாலையர்' வீணாக வேண்டாம். காசு அடித்த தொழிலாளருக்கு அதையே வைத்துக்கொள்வோம். அச்சில் உருவம் செதுக்கியவரை 'அச்சு வெட்டுநர்' எனலாம். 'காசு நாயகம்' பொருந்தாத இடம் உங்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள்.