மார்ட்டினி-ஹென்றி 577/450: சீரமைத்தவர்களின் அனுபவங்கள்

ஹூஸ்டன்வாசி:
மார்ட்டினி-ஹென்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய, ஒருமுறைக்கு ஒரே தோட்டா ஏற்றும் துப்பாக்கி; 577/450 என்பது அதன் தோட்டா. நேபாளத்தின் காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கில் இவை நெடுங்காலம் முடங்கிக் கிடந்தன; 2003-இல் அமெரிக்க வணிகர்கள் அந்தச் சரக்கை வாங்கினார்கள். அதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு நான்காம் மார்க், அதாவது இத்துப்பாக்கியின் நான்காம் வடிவம். கெட்டித்துப் போன கொழுப்பை டர்பன்டைனில் ஊறவைத்துத் துடைக்கத் துடைக்க, வலப்பக்கத்தில் மகுடமும் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்துகளும் என்ஃபீல்டு ஆலையின் பெயரும், குழலின் அடியில் தேவநாகரி எண்களும் வெளிப்பட்டன. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் விளக்கைப் பிடித்துக் குழலுக்குள் பார்த்துவிட்டு, குண்டைச் சுழலவைக்க ஹென்றி முறையில் வெட்டிய ஏழு வரிப்பள்ளங்களும் தெளிவாக இருப்பதாக அவரே சொன்னார். சொன்ன கையோடு, "இதற்குத் தோட்டா தேடி அலையாதீர்கள், உள்ளே வேறு குழல் செருகி 45-70 என்ற அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றிவிடலாம்" என்று அந்த எண்களின் மேலேயே விரலால் தட்டினார். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல குழல் என்று சொன்ன அதே வாய் அதைத் துளைத்தெடுக்கவும் எப்படிச் சொல்லியது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பழைய இரும்பு:
அவரை இவ்வளவு குறை சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போற்றும் நான்காம் மார்க்கே மாற்றங்கண்ட துப்பாக்கிதான். 402 தோட்டாவுக்கான என்ஃபீல்டு-மார்ட்டினியாகத் தொடங்கியதை, 303 என்ற புதிய தோட்டா வரப்போகும் வேளையில் மூன்றாவதாக ஒரு தோட்டா படைக்கு வேண்டாம் என்று அரசே 577/450-க்குத் திருப்பியது. அரசு செய்தால் வரலாறு, பட்டறைக்காரர் செய்தால் பாவமா?

என் அனுபவம் தோட்டாவின் உறையைப் பற்றியது. இந்தத் தோட்டாவுக்கு உறை செய்ய, 24 கேஜ் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கியின் நேரான பித்தளை உறையை அச்சுகளுக்குள் படிப்படியாக இறக்கிக் கழுத்தைக் குறுக்க வேண்டும்; எளிதில் மடிப்பு விழுந்துவிடும். தோளில் மடிப்பே விழாமல் தேறிய முதல் உறையை இங்கிலாந்தில் ஒரு சுடுகளத்தில் சுட்டேன். நெம்புகோலை இறக்கியதும் அது தெறித்து விழுந்தது. பக்கத்தில் நின்ற முதியவர் அதைக் குனிந்து எடுத்து, முகர்ந்து பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்கவும் நா எழவில்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை.

வால்நட் கட்டை:
என்னுடையது இரண்டாம் மார்க். தோளில் அணைக்கும் பின்கட்டையின் நீண்ட திருகாணியைக் கழற்றியதும் உளுத்த மரம் மாவாக மேசையில் கொட்டியது. எண்ணெய் ஊறிய மேல் ஓடு மட்டும் என் கையில் நின்றது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இருவருக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அதே கிடங்கிலிருந்து வந்த, தோற்றத்தில் இதைப் போன்ற கஹேந்திரா துப்பாக்கியை மார்ட்டினி என்று எண்ணி எவரும் சுட்டுவிடக் கூடாது. அது நேபாளத்தில் கையால் செய்யப்பட்டது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. இரும்பின் தரத்தையும் நம்ப முடியாது என்பதால் சுவரில் மாட்டி வைப்பதே நல்லது. மார்ட்டினியிலும், குழலின் பின்வாயை மூடும் அடைப்பைத் தாங்கும் பிளவு முளையையும், அடைப்புக்கும் உறையின் அடிக்கும் இடையிலான இடைவெளியையும் விவரம் அறிந்தவரிடம் சோதித்துக்கொள்ளாமல் தோட்டாவை ஏற்றாதீர்கள். ராணுவத் தோட்டாவில் இருந்தவை 85 கிரெய்ன் கருமருந்தும் 480 கிரெய்ன் ஈயக் குண்டுமே என்பதால், அழுத்தம் மிகுந்த இக்காலப் புகையில்லா மருந்தைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். உறைக்காகக் குறைப்படுபவர், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த பழைய உறைகள் 1885-இல் சூடானின் அபு கிலியா போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் துப்பாக்கிகளில் சிக்கிக்கொண்டதை நினைத்துப் பார்க்கலாம். மரத்தில் உப்புத்தாளும் போடாதீர்கள், முத்திரைகள் அழிந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் போதும்.

பழைய இரும்பு:
நான் குறைப்பட்டது உறையின் தரத்தைப் பற்றியன்று, அது போய்ச் சேர்ந்த சட்டைப் பையைப் பற்றி. இங்கிலாந்தில் இந்தத் தோட்டா வழக்கொழிந்தவற்றின் பட்டியலில் இருப்பதால் துப்பாக்கியைக் காட்சிப் பொருளாக வைத்திருக்க உரிமம் வேண்டியதில்லை, சுடுவதற்கு வேண்டும். அந்த உரிமத்துக்கு மனுச் செய்தபோதுகூட இவ்வளவு அறிவுரையை நான் கேட்க நேரவில்லை.