கிரைம் எழுத்தாளர் மாநாட்டுக்கு முதல் தடவை போறேன், போகலாமா?

கேள்வி:
மர்ம நாவல் ஒண்ணு பாதி எழுதி வச்சிருக்கேன், பக்கத்துலயே கிரைம் ரைட்டர்ஸ் மாநாடு ரெண்டு நாள் நடக்குது. இன்னும் புக் எதுவும் வரலை, போனா ஓரமா உக்காந்துட்டு வர்ற மாதிரி ஆயிடுமோன்னு ஒரே தயக்கம். போகலாமா?

பதில் 1:
தாராளமா போங்க, நானும் புக் வராதப்பதான் போனேன். தடயவியல் செஷன் இருந்தா மட்டும் விட்டுடாதீங்க. என் கதைல செத்து அரை மணி நேரத்துலயே பாடி கட்டையா விறைச்சுக் கெடக்கும், அங்க பேசின டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது, விறைப்பு ஆரம்பிக்கவே பொதுவா 2 மணி நேரமாவது ஆகும், முழுசா விறைக்க 12 மணி நேரம் கிட்ட, அதுவும் சூடு குளிரைப் பொறுத்து மாறும்னு. ஒரு முழு அத்தியாயம் காலி!

பதில் 2:
லூமினால் (ரத்தக்கறையைக் கண்டுபிடிக்கத் தெளிக்கிற ரசாயனம்) விஷயத்துலயும் அப்படித்தான் தப்பா எழுதிடுவோம், அது ரத்தத்துக்கு மட்டுமில்ல, ப்ளீச் பட்ட இடத்துலயும் ஒளிரும் (வில்லனுக்கு நல்ல சேதி). அப்புறம் ஏஜென்ட் (நம்ம புக்கைப் பதிப்பகத்துக்கிட்ட கொண்டு போறவர்), எடிட்டர் யாராவது வந்தா பாதி நாவலை நீட்டாதீங்க, முழு நாவலையும் அனுப்பச் சொன்னா கைல ஒண்ணும் இருக்காது.

கேட்டவர்:
டிக்கெட் போட்டுட்டேன். கொலைகாரன் யாருன்னு கேட்டா சொல்லணுமா?

பதில் 2:
ஏஜென்ட் கேட்டா சொல்லித்தான் ஆகணும். காபி டைம்ல கேக்குறவங்ககிட்ட மட்டும் வாயத் திறக்காதீங்க.