லீஸ் எண்டதுக்குத் தமிழ்: குத்தகையோ, ஒற்றியோ, தவணையோ?

திருநெல்வேலி ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். திங்கள் காலமை நோட்ஸ் போட்டோக்கொப்பிக்குப் போகவேணும், நான் ஒரு சொல்லில நிண்டுபோனன். நெட்வேர்க்கில கோப்புப் பகிர்ற என்எஃப்எஸ் நியமம் எப்பிடி வளந்தது, இனி எப்பிடி வளர்க்கப்போகினம் எண்டு பிள்ளையளுக்கு ரெண்டு பக்கம் எழுதிறன். சன் கொம்பனி 1984இல கொண்டுவந்தது, ரெண்டாம் பதிப்பு 1989இலயும் மூண்டாம் பதிப்பு 1995இலயும் ஆவணமா வந்தது, 1998இல நாலாம் பதிப்புப் பொறுப்பை இன்ரநெற் நியமக்காரரிட்ட விட்டது, அவை 1999இல, புதுசில என்னென்ன இருக்கவேணும் எண்டு யோசிக்கவே தனி ஆவணம் போட்டது, இவ்வளவும் எழுதியாச்சு.

நாலாம் பதிப்பில வாற லீஸ்தான் சிக்கல். முந்தி ஆர் எந்தக் கோப்பை வைச்சிருக்கினம் எண்ட ஞாபகம் வழங்கிக்கு, அதாவது கோப்பை வைச்சுக் குடுக்கிற கொம்பியூட்டருக்கு, இல்லை, ஒராள் பாவிக்கிற கோப்பை மற்றவை மாத்தாமல் வைக்கிற பூட்டுக்கு வேற நெறிமுறை, பூட்டின கொம்பியூட்டர் நிண்டுபோனா பூட்டு அப்பிடியே கிடக்கும். நாலில வழங்கி ஒரு நேரம் குடுக்கும், லினக்ஸில நாங்கள் ஒண்டும் மாத்தாட்டி 90 செக்கன், அதுக்குள்ள நான் இருக்கிறன் எண்டு கிளையன்ட், அதாவது கோப்பைக் கேட்டு எடுக்கிற கொம்பியூட்டர், காட்டவேணும், காட்டாட்டி வழங்கி பூட்டைக் கழட்டலாம். நான் முதல் குத்தகை எண்டு போட்டன். ஒரு பிள்ளை எழும்பி, ஆர் ஆருக்குக் குத்தகைக் காசு குடுக்கிறது ரீச்சர் எண்டு கேட்டுது. அது சரியான கேள்வி.

வட்டுக்கோட்டை மாஸ்டர்:

பிள்ளை, குத்தகையை விடுங்கோ. குத்து எண்டா மொத்தமா எண்டது, குத்துமதிப்பு எண்டு சொல்லுறம்தானே, கன்னடத்தில குத்திகெ, தெலுங்கில குத்த, மொத்தமாப் பேசி எடுக்கிறதுதான் எல்லாத்துக்கும் அடி. உங்கட விசயத்தில பேச்சும் இல்லை காசும் இல்லை. எங்கட மண்ணில ஒற்றி இருக்கேக்க ஏன் வேற தேடுறியள்? ஒற்று எண்டா பொருந்துறது. தொல்காப்பியர் மெய்யை ஒற்று எண்டுறார், அது உயிரோட சேந்துதான் நடக்கும், கோப்பும் கிளையன்டும் அப்பிடித்தான். சுந்தரர் ஓணகாந்தன்தளியில சிவபெருமானையே பிடிச்சு, “ஒற்றியூரேல் உம்மதன்று” எண்டுறார், ஊரே ஒற்றியில இருக்கெண்டா உம்மட ஊர் இல்லையே எண்டு. கையில இருக்கும், ஆனா உரிமை வேற ஆளிட்ட. இதைவிட வடிவா ஒரு சொல் கிடைக்குமோ?

சுன்னாகம் சட்டத்தரணி:

மாஸ்டர், பாட்டு வடிவுதான், ஆனா வழக்கு மற்றப்பக்கம். 1707இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுக்கேக்க ஒற்றியையும் எழுதி வைச்சவை. காணிக்காரன் காசு வாங்குறான், காசு குடுத்தவன் வட்டிக்குப் பதிலா விளைச்சலை எடுக்கிறான், காசு திரும்பினாத்தான் காணி திரும்பும். ஒற்றி பிடிச்சவன் பேசாம இருந்தாலும் காணி அவனிட்டத்தான் இருக்கும். ரீச்சர் சொல்லுறதில பேசாம இருந்தா பறிபோகுது. நேர் எதிர். காணி வழக்குக் கதைக்கிற வீட்டுப் பிள்ளையளுக்கு இது பிழையாத்தான் போய்ச்சேரும்.

ரொறன்ரோத் தம்பி:

நான் பத்து வருசமா இந்த வேலைதான் செய்யிறன், லீஸ் எண்டே விடுங்கோ. பிள்ளையள் நாளைக்கு ஒரு பிழைச்செய்தியைத் தேடேக்க லீஸ் எண்ட சொல்லைத்தான் தேடுவினம். இன்னொண்டு, 2017இல நியமக்காரர் ஒரு விதி எழுதினவை, நாலாம் பதிப்பின்ர சிறுபதிப்பான 4.2க்குப் புது வசதி சேக்கிறதெண்டா புதுச் சிறுபதிப்பு வரும்வரைக்கும் பாத்திருக்கத் தேவையில்லை, விரும்பினா எடுக்கிற வசதியா இடையில சேக்கலாம் எண்டு. சொல்லு இனிமேல் வந்துகொண்டே இருக்கப்போகுது, ஒவ்வொண்டுக்கும் தேவாரம் பாக்க ஏலுமோ?

வட்டுக்கோட்டை மாஸ்டர்:

தம்பி, அப்பிடிச் சொல்லாதேங்கோ. 1847இல அமெரிக்க மிசனில வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், அறுக்கிறது தைக்கிறது வரைக்கும் தமிழில எழுதுவிச்சவர். அவருக்கு ஏலுமெண்டா எங்களுக்கு ஏலாதோ? நாங்கள் பௌதிகவியல் எண்டு படிச்சம், அக்கரையில இயற்பியல் எண்டினம், ரெண்டும் நிண்டு பிடிச்சுதுதானே. பௌதிகம் வடமொழி எண்டு எனக்கும் மனக்குறைதான், இரசாயனவியலும் அப்பிடித்தான், அதை இன்னொருநாள் கதைப்பம்.

பருத்தித்துறைத் தங்கச்சி:

ரீச்சர், தவணை எண்டு போட்டா என்ன? முதலாம் தவணை, ரெண்டாம் தவணை எண்டு பிள்ளையள் பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் சொல்லுறது. இவ்வளவு காலம் உனக்கு, பிறகு திரும்பப் பதியவேணும் எண்ட கருத்து அதுக்குள்ளயே இருக்கு. சேந்தும் வருது பாருங்கோ: தவணைக்காலம், தவணை புதுப்பித்தல், தவணை முடிஞ்ச பூட்டு. வழங்கி நிண்டு திரும்ப எழும்பேக்க, பழைய ஆக்கள் தங்கட பூட்டைத் திருப்பிக் கேக்க ஒரு நேரம் விடும், அந்த நேரம் புதுப் பூட்டுக் குடுக்காது. அதுக்குச் சலுகைத் தவணை எண்டு சொல்லலாம். ஒற்றியை வைச்சு அது ஏலாது.

சுன்னாகம் சட்டத்தரணி:

சலுகைத் தவணை நல்லாயிருக்கு. ஆனா ஒண்டு கவனியுங்கோ, ஊரில ஓட்டோ லீசிங்கில எடுத்தவனைக் கேட்டா தவணை எண்டது மாசாமாசம் கட்டுற காசு. அப்ப, நான் இருக்கிறன் எண்டு 90 செக்கனுக்குள்ள அனுப்புறதைத்தான் பிள்ளை தவணை எண்டு எடுக்கும், வழங்கி குடுத்த உரிமையை எடுக்காது. கோட்டில தவணை எண்டா வழக்குத் திகதி. மூண்டு கருத்தை ஒரு சொல்லில ஏத்துறம்.

பருத்தித்துறைத் தங்கச்சி:

ஓம் அண்ணை, அது உண்மைதான். ஆனா அந்த லீசிங்கே எங்களுக்கு நல்ல உதாரணம், தவணை தவறினா வாகனத்தை எடுத்துக்கொண்டு போயிடுவினம் எண்டு எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். உரிமையைத் தவணையுரிமை எண்டும், நேரத்தைத் தவணைக்காலம் எண்டும் பிரிச்சு எழுதினா காணும்.

ரொறன்ரோத் தம்பி:

தவணையுரிமை எண்டா எனக்குச் சரி. முதல்முறை வரேக்க மட்டும் லீஸ் எண்டதையும் பக்கத்தில போட்டுவிடுங்கோ ரீச்சர்.

திருநெல்வேலி ரீச்சர்:

மூண்டு பேர் தவணைப் பக்கம் எண்டு எடுக்கிறன், அண்ணை முழுமனசா இல்லை எண்டு தெரியும். தவணையுரிமை, தவணைக்காலம், சலுகைத் தவணை எண்டு மாத்தி எழுதிட்டன், முதல் பக்கத்தில லீஸ் எண்டும் இருக்கு. ஓட்டோ உதாரணத்தையும் சேத்தன். அடுத்த கிழமை இன்னொரு சொல் வருது, வழங்கி ஒரு கோப்பைக் கிளையன்டிட்டயே பொறுப்பா விட்டிட்டு, வேற ஆள் கேட்டா திருப்பி வாங்கிறது. கையளிப்பு எண்டு யோசிச்சன், ஆனா கையளிச்சா திரும்பி வராது மாதிரிக் கிடக்கு.

வட்டுக்கோட்டை மாஸ்டர்:

அதுக்கு இரவல். திருப்பிக் கேட்டா குடுக்கவேணும், ஒரு குழப்பமும் இல்லை. ஆனா பிள்ளை, தவணைக்கு நான் இன்னும் சம்மதிக்கேல்ல.