துளையுள்ள சிலிகான் ரப்பரில் ஒலியின் வேகத்தை அளக்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். கெட்டியான சிலிகான் ரப்பரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,000 மீட்டர் செல்கிறது. அதே ரப்பரில் காற்றுத் துளைகள் நிறைந்தால் வேகம் 100 மீட்டர் அளவுக்கு, அதாவது காற்றில் செல்லும் 340 மீட்டரையும் விடக் கீழே, இறங்கிவிடும். துளைகளால் ரப்பர் பல மடங்கு எளிதில் அமுங்குகிறது, எடையோ பாதிதான் குறைகிறது என்பதே காரணம்; என்னை இன்றும் வியக்க வைக்கும் இயற்பியல் இது.

இதை நேரில் காண, சர்க்கரைக் கட்டியைச் சிலிகானில் ஊறவைத்து, இறுகிய பின் வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து, 20 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு செய்தேன். நீர்த்தொட்டியில் மீயொலியை அனுப்பினால், 200 மைக்ரோநொடி ஆக வேண்டிய பயணம் 20 மைக்ரோநொடியில் முடிந்துவிடுகிறது. மேற்பரப்பில் ஒட்டிய குமிழ்களைப் போக்க நீரில் சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டிருந்தேன்; உலர்ந்தபோது 4 கிராம் இருந்த துண்டு மறுநாள் 8 கிராமை நெருங்கியிருந்தது. துளைகளில் நீர் புகுந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

நீர் புகாத மூடிய துளைகளை எளிய ஆய்வகத்தில் உருவாக்கும் வழியை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மெல்லிய உறையிட்டு அளந்தால், இடையில் தங்கும் காற்று முடிவைக் கெடுக்குமா? மேலும், என் கருவியின் 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.1 மி.மீ. ஆகி, அரை மி.மீ. துளைகளைவிடச் சிறிதாகிவிடும் என்பதால், எந்த அதிர்வெண்ணுக்கு இறங்குவது சரியாக இருக்கும்?